சுவருக்கு மட்டும் வந்தவர்கள்

கோயிலில் அவளைப் பினாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்த பேர், கொஞ்ச நாளிலேயே முகத்துக்கு நேராக வந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. "ஊதுபத்தின்னு கூப்பிட்டாதான் யோசிக்கணும். பினாயிலுக்காவது உருப்படியா ஒரு வேலை இருக்கு" என்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் பீடத்துக்குப் பூ வைக்கப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். மஞ்சள் பூ மாதாவுக்கா சூசையப்பருக்கா என்று அங்கே ஒரு சண்டையே நடக்கும். இவள் ஒரு வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்குப் போவாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவள் மூக்கு அப்படி. பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் இவளுக்கு இங்கே முகம் சுளிக்கும். பேக்கரியில் மாவு பிசையும் அவள் புருஷன் வீட்டுக்குள் கால் வைத்ததும் சொல்லிவிடுவாள்: "இன்னைக்கு எண்ணெய மாத்தலையா உங்க முதலாளி?"

இந்த மூக்கு பிறவியிலேயே வந்ததில்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கு ஒரு கக்கூஸ் இருந்தது; அதன் சாவி பெரிய டீச்சரின் கைப்பையில் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தது. அதன் வாசற்படியிலேயே குடலைப் புரட்டும். ஆகவே காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். வாய் காய்ந்து, வயிறு முட்டி, காலைக் காலோடு பின்னிக்கொண்டு வருஷக்கணக்கில் பாடம் கேட்டாள். அதன் பலன் கல்யாணத்துக்கு அப்புறம் வந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் காய்ச்சலாக வந்து, கடைசியில் ஒரு கிட்னியை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு காலண்டர் தொங்கியது. எங்கோ வெளிநாட்டு மலைமேல் இருக்கும் மாதா கோயில் படம், நீளமாகக் கல்படிகள். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் அதைப் பார்த்து, "பிழைச்சு வந்தா உன் படியில முட்டி போட்டு ஏறுறேன்" என்று சொல்லிவைத்தாள். பிழைத்தும் வந்தாள். ஆனால் மாவு பிசைகிறவர் வீட்டில் யார் வெளிநாட்டுக்குப் போகிறார்கள்? வேண்டுதல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மகள் காலேஜ் போகும் வயசுக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் கோயில் இளைஞர் இயக்கம் ஒரு பயணத்தை அறிவித்தது. முதலில் அந்த நாட்டில் ஓர் அனாதை இல்லத்தில் சேவை, அப்புறம் அதே மலைக்கோயிலுக்குத் திருயாத்திரை. பெண்பிள்ளைகள் வருவதால் கல்யாணமான பெண் ஒருத்தி துணைக்கு வர வேண்டும் என்றார் ஃபாதர். பயணச் செலவையும் இயக்கமே பார்த்துக்கொள்ளும். ஒரு அம்மாவுக்கு மூட்டுவலி, இன்னொரு அம்மாவுக்குப் புருஷன் வலி. பினாயில் அக்கா கையைத் தூக்கினாள். இயக்கத்தில் இருந்த அவள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்க வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காதம்மா" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"நாறலைன்னா எதுக்குடி பொத்தப் போறேன்?"

இயக்கத்தின் தலைவனுக்கு மைக் என்று பட்டப்பேர். கையில் மைக் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரியே பேசுவான். விமானத்தில் ஏறியதிலிருந்து பேசினான். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன். முதுகில் 'அன்பின் கரங்கள்' என்று எழுத்து. அக்காவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். புதுத்துணிக் கஞ்சி நாற்றம் போக அவள் அதைக் கிளம்புவதற்கு முந்தின நாளே ரெண்டு தண்ணீர் அலசிப் போட்டதில், 'கரங்கள்' பாதி அழிந்து போயிருந்தது.

இல்லம் ஊருக்கு வெளியே, பெரிய சாலையை ஒட்டி இருந்தது. நம் பாஷைக்காரர்கள் பிழைப்புக்காகக் குடியேறிய பகுதி அது. இல்லத்தை நடத்துகிறவரும் சமையல்காரம்மாவும் பிள்ளைகளும் எல்லோரும் நம் பாஷைதான். பஸ் நின்றதும் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்தது. நிர்வாகி ஒரு தடவை கையைத் தட்டினார். உடனே வரிசை கலைந்து, பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு விருந்தாளியின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். இயக்கத்துப் பெண்பிள்ளைகள் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக் ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான்.

அக்காவுக்கு அந்தக் கைதட்டல் காதில் இடித்தது. சொல்லிக்கொடுத்துப் பழக்கின அன்பு அது. ஆறின டீயில் ஆடை மிதக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. வாயில் வைக்கவும் முடியவில்லை, கீழே ஊற்றவும் முடியவில்லை.

அவள் இடுப்பைப் பிடித்தவள் ஒல்லியாக ஒரு சிறுமி. நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "நீங்க அழுற ஆளா, போட்டோ ஆளா?"

"எதுக்குக் கேக்குற?"

"அழுறவங்கன்னா கையப் பிடிச்சுக்கணும். போட்டோக்காரங்கன்னா சிரிக்கணும்."

"நான் ரெண்டும் இல்ல."

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். போய் விளையாடு."

சிறுமி போகவில்லை. கட்டிய கையை எடுத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் சுவரோடு ஒட்டி நிற்பதால் அவளுக்குப் பல்லி என்று பேராம். அவள் நின்ற விதம்தான் அக்காவின் கண்ணில் பட்டது. காலைக் காலோடு பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. அந்த நிலையை அக்காவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணி குடிச்சியா இன்னைக்கு?"

பல்லி தலையை ஆட்டினாள், இல்லையென்று.

விருந்தாளிகள் தங்கும் கட்டடம் புதுசு. கழுவிவிட்ட தரை, ஜன்னலுக்குத் திரை, ரெண்டு கக்கூஸ். உள்ளே வெள்ளை ஓடு பதித்து, ரோஜா வாசனைக் கட்டி தொங்கவிட்டு, துண்டைப் பூ மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். இயக்கத்துப் பெண்களில் ஒருத்தி, கண்ணுக்கு அப்பிய மையால் ஐலைனர் என்று பேர் வாங்கியவள், "பரவால்லயே, ஓட்டல் மாதிரி இருக்கு" என்றாள். சாவி நிர்வாகியின் அறையில் ஆணியில் தொங்கும், கேட்டால் தருவார்.

பிள்ளைகளின் கக்கூஸ் அவர்கள் தங்கும் விடுதிக்குப் பின்னால் இருந்தது. கதவின் குறுக்கே ரெண்டு பலகை அடித்திருந்தார்கள். அப்படியானால் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று அக்கா யாரையும் கேட்கவில்லை. மூக்கு காட்டிய வழியில் நடந்தாள். பின்பக்க மதில் இடிந்த இடத்தைத் தாண்டி, உடைந்த சிமெண்ட் குழாய்கள் போட்டிருந்த புதருக்குப் போனாள். கைக்குட்டையை மூக்கில் வைத்தும் பிரயோஜனமில்லை. ஈ மொய்த்துக் கிடந்தது. காகிதமும் கந்தலும், காய்ந்ததும் காயாததும். ஒரு எட்டு எடுத்து வைக்க இடமில்லை. நடுவில், யாரோ ஒரு பிள்ளை தன் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருந்தது. அக்கா அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள். விமானத்தில் கொடுத்த ரொட்டி அவ்வளவும் வெளியே வந்தது.

வாயைக் கழுவ சமையலறைக்கு வந்தவளைப் பார்த்துச் சமையல்காரம்மா சொன்னாள்: "அந்தப் பக்கம் போனீங்களா? விருந்தாளிங்க யாரும் போக மாட்டாங்களே."

"பொம்பளப் புள்ளைங்களுமா அங்க போகுது?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி ஒரு தரம். இருட்டினப்புறம் ஒரு தரம். நான் டார்ச் பிடிப்பேன். நடுவுல வந்தா அடக்கிக்கும்ங்க."

"அந்த ஒல்லிப் புள்ள?"

"பல்லியா? அது ராத்திரியும் போகாது. பயம். அடிக்கடி ஜுரம் வருது, என்னன்னே தெரியல."

அக்காவுக்குத் தெரிந்தது. எடுத்துப்போட்ட கிட்னி இருந்த இடத்தை அவள் கை தானாகத் தடவிக்கொண்டது.

மறுநாள் சேவை ஆரம்பமானது. சேவை என்றால் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. விடுதியின் முன்சுவர் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருந்தது. வானவில், பூமி உருண்டை, அதைத் தாங்கும் கைகள் என்று மைக் ஏற்கெனவே படம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். டின் டின்னாகப் பெயிண்ட் வந்து இறங்கியது.

"இந்தச் சுவர் நம்ம அன்பைப் பேசணும்" என்றான்.

அக்கா சுவரின் ஓரத்தில், சுண்ணாம்பு உப்பியிருந்த இடத்தை நகத்தால் கிள்ளினாள். வெள்ளைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் வெள்ளை. அதற்கும் அடியில் மஞ்சள், அதில் யாரோ ஒரு பிள்ளையின் கையை அமுக்கி எடுத்த அச்சு. அதற்கும் கீழே மறுபடி வெள்ளை, அப்புறம் பச்சை. வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிந்துகொண்டே போனது.

"போன குழுவும் வானவில்தான் போட்டாங்க" என்றாள் தண்ணீர்க் குடத்தோடு போன சமையல்காரம்மா, சாதாரணமாக. "அதுக்கு முந்தினவங்க புறா. நீங்க பஸ் ஏறினதும் நான் வெள்ளையடிச்சுடுவேன். அடுத்தவங்க வர்றதுக்குள்ள காயணும்ல."

அக்கா நேராக நிர்வாகியின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துத் துடைத்து அது கீறலாகியிருந்தது.

"கக்கூஸ் அடைச்சுக் கிடக்கு. அதைச் சரி பண்ணாம எதுக்குங்க சுவருக்குப் பெயிண்டு?"

"அம்மா, கக்கூஸ் சரி பண்ணணும்னு கேட்டா, பாத்துச் சொல்றோம்னு சொல்லுவாங்க. சுவர் இருக்குன்னு சொன்னா பஸ் பிடிச்சு வருவாங்க. கக்கூஸ் முன்னாடி நின்னு யாரு போட்டோ எடுப்பாங்க, சொல்லுங்க. வர்றவங்கதான் போகும்போது அரிசி, சோப்பு, துணின்னு குடுத்துட்டுப் போறாங்க. அந்தச் சுவர்தான்மா இதுங்களுக்குச் சோறு போடுது."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை இறக்கிவைக்கத் தோதான ஆள் கிடைக்கவில்லை. அவர் முகம் திருடன் முகமாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். களைத்துப்போன குமாஸ்தா முகமாக இருந்தது.

"அது சரியாகுற வரைக்கும் விருந்தாளி கக்கூசையாவது தொறந்து விடலாம்ல?"

"அதை நாசம் பண்ணிட்டா அடுத்த குழு வராதும்மா."

அக்கா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். "அம்மா, அம்மா" என்று அவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. அவள் முதலில் பல்லியைத் தேடிப் பிடித்து உள்ளே அனுப்பினாள். அப்புறம் எப்படித்தான் தெரிந்ததோ, இல்லத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் வந்து வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பூட்டிவிடுவார்களோ என்ற பயம்.

கையெல்லாம் பெயிண்டோடு ஐலைனர் வந்து நின்றாள். "அக்கா, நாங்க எங்க போறது?"

"நீயும் வரிசையில நில்லு."

"இல்லக்கா... இன்ஃபெக்‌ஷன் அது இதுன்னு..."

"நேத்து கன்னத்தோட கன்னம் வச்சுப் போட்டோ எடுத்தியே, அப்போ வராத இன்ஃபெக்‌ஷன் இப்போ எங்கேர்ந்து வரும்?"

மகள் ஓடிவந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "மானத்த வாங்காதம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க."

குழுவோடு பயணம் வந்திருந்த ஃபாதர் அங்கே வந்தார். நல்ல மனுஷர்தான், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அதனாலேயே எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். "அக்கா, உங்க எண்ணம் நல்ல எண்ணம். ஆனா நாம இங்க விருந்தாளிங்க. அவங்க முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். வரிசை கலைந்தது. சாவி பத்திரமாக இருக்கட்டும் என்று மைக்கிடம் கொடுத்தார்கள். அவன் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வானவில்லுக்குப் போனான். பெரிய டீச்சர் கைப்பையிலிருந்து கிளம்பிய சாவி, கடல் தாண்டி இந்தப் பயலின் பைக்குள் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தாள் அக்கா.

சாயங்காலம் சுவர் முடிந்தது. பூமி உருண்டை கொஞ்சம் கோணலாக, பூசணிக்காய் மாதிரி வந்திருந்தது. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, துணி அலச விடுதிக்குப் பின்னால் போன அக்கா அதைப் பார்த்தாள்.

பலகை அடித்த கக்கூசை ஒட்டி, பிள்ளைகள் முகம் கழுவும் ஒரு சிமெண்ட் மேடை. அங்கே இயக்கத்துப் பையன்கள் ரெண்டு பேர் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மீந்துபோன சிவப்புப் பெயிண்ட்டை டின்னோடு தண்ணீர் போகும் ஓட்டையில் கவிழ்த்தான். அது கொழகொழவென்று இறங்காமல் நின்றது.

"என்ன தம்பி செய்யுறீங்க?"

"கழுவுறோம்க்கா. எல்லாக் குழுவும் இங்கதான் கழுவுவாங்களாம். வீட்டுக்கா எடுத்துட்டுப் போக முடியும், மிச்சத்தை ஊத்திடச் சொன்னாரு மைக்."

அக்கா குனிந்து பார்த்தாள். ஓட்டையின் விளிம்பைச் சுற்றி வளையம் வளையமாகக் காய்ந்திருந்தது: நீலம், மஞ்சள், பச்சை. சுவரில் பார்த்த அதே கலர்கள், அதே வரிசையில். ஒரு குச்சியை உள்ளே விட்டாள். ஒரு விரல் நீளம் போனதும் கல்லில் இடித்த மாதிரி நின்றுவிட்டது. பேக்கரியில் ஒரு தரம் புதுப் பையன் ஒருத்தன் மாவுத் தண்ணீரைத் தினமும் சாக்கடையில் ஊற்றி, அது இறுகிக் கட்டியாகி, கடை முழுக்கத் தண்ணீர் ஏறியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இங்கே ஊற்றியதெல்லாம் மேடைக்கு அடியில் அந்தக் கக்கூஸ் குழாய்க்குத்தான் போக வேண்டும். வேறே எங்கே போகும்?

சுவரில் அன்பு பேசி முடித்தவர்கள் எல்லோரும், போகும்போது பிள்ளைகளின் கக்கூசை ஒரு கை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தராக. வாந்தி வரவில்லை அவளுக்கு. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கக்கூஸ் அடைச்சது பெயிண்ட்டால. நமக்கு முன்னாடி வந்தவங்க அடைச்சாங்க, இன்னைக்கு நாமளும் அடைச்சோம். சரி பண்ணிட்டுப் போகணும்."

நிர்வாகி மெதுவாகச் சொன்னார்: குழாய்க்காரர் ஒருத்தர் தெரியும், ஆனால் அவர் வேறே ஊருக்கு வேலைக்குப் போகிறார், நாளை ஒரு நாள்தான் வர முடியும், தரையை உடைக்க வேண்டியிருக்கும், தனக்கு நாளைக்கு அலுவலக வேலை இருக்கிறது, கூடவே நின்று பார்க்க ஆள் வேண்டும். செலவை இயக்கம் ஏற்கும் என்று ஃபாதர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் ஆள்?

நாளைக்குத்தான் மலைக்கோயில். காலையில் போய், மத்தியானத்துக்கு மேல் திரும்பி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு நேராக விமான நிலையம்.

அக்கா ஒவ்வொரு மஞ்சள் பனியனாகப் பார்த்தாள். ஒருத்தன் தண்ணீர் குடித்தான். ஒருத்தி போனைப் பார்த்தாள். டின்னைக் கவிழ்த்த பையன் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத்தானேக்கா மெயினே" என்றான் மைக். "இதுக்காக யாராவது மாதாவை மிஸ் பண்ண முடியுமா?"

"முடியாதுதான். நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

வெளியே வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். வேண்டுதல் விஷயம் அவளுக்குத் தெரியும். காலண்டர் படத்தை அம்மா வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்ததைப் பார்த்தே வளர்ந்தவள். "நீ அதுக்குத்தானேம்மா வந்த."

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இந்த நாத்தத்த விட்டுட்டுப் போய் அங்க முட்டி போட்டா, என் மூக்கு மேலயே எனக்கு மரியாதை போயிடும்."

"நானும் நிக்கட்டுமா?" என்று மகள் கேட்பாள் என்று ஒரு கணம் அக்கா எதிர்பார்த்தாள். மகள் கேட்கவில்லை. காலையில் மற்றவர்களோடு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

குழாய்க்காரர் தொப்பையும் தொங்குமீசையுமாக வந்தார். பலகையைப் பிடுங்கிக் கதவைத் திறந்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். மாசக்கணக்கில் தேங்கியது உள்ளே பச்சையும் கறுப்புமாக நுரைத்து நின்றது. சுவரில் புழு ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா, விருந்தாளி" என்றார்.

"விளக்கு யாரு பிடிப்பா? உங்க மீசையா?"

அள்ளிக் கொட்டவே பாதிக் காலை போய்விட்டது. அப்புறம் தரையை உடைத்தார். குழாய் தெரிந்ததும், அக்கா அந்த ஈரத் தரையில் முட்டி போட்டுக் குனிந்து டார்ச் அடித்தாள். கல்லும் சிமெண்ட்டும் முட்டியில் குத்தின. இதையே வேண்டுதலில் கழித்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. மலைப்படி வேறே, கக்கூஸ் தரை வேறே. வேண்டுதல் பாக்கி நிற்கத்தான் போகிறது. இனி அது எப்போது தீரும் என்று அவளுக்கும் தெரியாது, மாதாவுக்கும் தெரியாது. அதை நினைத்தபோது அழுகை முட்டியது. நாற்றத்துக்கு வாயைத் திறக்க முடியாததால் அழவில்லை.

குழாய்க்காரர் குழாயை அறுத்து, கம்பியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். முதலில் வரவில்லை. சுவரில் காலை உதைத்து இழுத்ததும் 'பொளக்' என்று வந்து விழுந்தது. கை தடிமனுக்கு, ஒரு ஆள் நீளத்துக்கு, ரப்பர் மாதிரி வளைகிற ஒரு கட்டி. பக்கவாட்டில் முடியும் கந்தலும் ஒட்டியிருந்தன. அறுபட்ட இடத்தில் வரி வரியாகக் கலர்: நீலம், வெள்ளை, மஞ்சள், வெள்ளை, பச்சை. நுனியில் இன்னும் ஈரம் காயாத சிவப்பு.

"என்ன கருமம்மா இது? குழாயா, பெயிண்ட் கடையா?"

"சேவைங்க. எங்கள மாதிரி வந்தவங்க செஞ்சது."

அவர் அதைக் காலால் புரட்டிப் பார்த்தார். "கொஞ்சம் கம்மியா செஞ்சிருக்கலாம்" என்றார்.

மத்தியானம் தாண்டுவதற்குள் புதுக் குழாய் போட்டு, சட்டென்று இறுகும் சிமெண்ட்டால் தரையைப் பூசி, தண்ணீர்த் தொட்டியை மாற்றினார். இன்னும் ரெண்டு வேலை சொன்னாள் அக்கா. ஒன்று, பிரஷ் கழுவும் மேடையின் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, முகம் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி மரத்தடிக்குத் திருப்பிவிடுவது. எட்டிப் பார்த்த நிர்வாகி பதறிப்போனார். "அடுத்த குழு எங்கம்மா பிரஷ் கழுவுவாங்க?"

"அவங்கவங்க வீட்டுல போய்க் கழுவட்டும்."

இன்னொரு வேலை கதவில். அதைச் செய்யக் குழாய்க்காரருக்கு ஒரு திருப்புளி போதுமாக இருந்தது.

பஸ் வந்தது. இறங்கியவர்களின் முகத்தில் ஒரு பளபளப்பு. கையில் மெழுகுவத்திப் பொட்டலம், படங்கள், செபமாலைகள். மகள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினாள். "மலைச்சுனைத் தண்ணிம்மா. உனக்குன்னு வரிசையில நின்னு பிடிச்சேன்."

அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தாள். "பாசி நாத்தம் அடிக்குது. குடிச்சிடாத" என்று திரும்ப மூடினாள். மகளின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், பாட்டிலைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டியைக் குழாய்க்காரர் வாசலிலேயே, வானவில் சுவருக்கு நேர் எதிரே, காகிதம் விரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக அதைச் சுற்றிப்போனார்கள். டின்னைக் கவிழ்த்த பையன் மட்டும் நின்று பார்த்தான். பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மைக்குக்கு விஷயம் புரிய நேரம் எடுக்கவில்லை. "செம, அக்கா. இதையும் நம்ம ரிப்போர்ட்ல சேத்துடலாம். முன்னாடி இப்படி இருந்துச்சு, இப்போ இப்படி" என்று போனை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் பின்னால் போனான். அங்கே பல்லி நின்றிருந்தாள். "பாப்பா, கதவைத் தொறக்குற மாதிரி நில்லு. அப்படித்தான். சிரி."

பல்லி காலைப் பின்னிக்கொண்டே, பழகின மாதிரிப் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

புதரும் புழுவும் குழாயிலிருந்து வந்து விழுந்த கட்டியும் எழுப்பாத ஒரு அருவருப்பு அப்போது அக்காவுக்குள் எழும்பியது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, அது கக்கூஸ் போக நிக்கிது."

"ஒரே ஒரு போட்டோக்கா. சாட்சிக்கு."

"உன் தங்கச்சி அவசரமா நிக்கிறப்போ இப்படித்தான் சாட்சிக்கு எடுப்பியா?"

அவன் போனை இறக்கினான். அக்கா பல்லியை உள்ளே அனுப்பினாள். கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். பஸ் ஹாரன் அடித்தது. ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, நேரமாச்சு. ஃப்ளைட் போயிடும். எல்லாரும் ஏறிட்டாங்க."

"இது முதல்ல வரட்டும் ஃபாதர்."

"அது பாட்டுக்கு வரட்டுமே. நீங்க எதுக்கு நிக்கணும்?"

"நான் நகந்தா யாராவது கதவைத் தட்டுவாங்க. எனக்குத் தெரியும்."

ஃபாதர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் பக்கம் திரும்பிப் போனார். உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பியதும் மறுபடி இறங்கியது. காரியம் எப்போதோ முடிந்திருக்கும்; அந்தச் சத்தத்தைக் கேட்கவே இழுத்துவிடுகிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. ஹாரன் நீளமாக அலறியது.

"அக்கா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சொல்லு."

"எல்லாரும் போகப் போறாங்களா?"

"போகட்டும். உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. நிதானமா இரு."

"நாளைக்கு இதையும் பூட்டிருவாங்களா?"

"வெளிய பூட்டு மாட்ட ஒண்ணும் கெடையாது. கழட்டியாச்சு. உள்ள மட்டும்தான் தாழ்ப்பாள். அது போடுறதும் எடுக்குறதும் உன் கையில."

உள்ளே தாழ்ப்பாளை ஒருதரம் எடுத்து, ஒருதரம் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தொட்டி மூன்றாவது முறையாக நிரம்ப ஆரம்பித்தது. அக்கா நகரவில்லை.